செற் என்ற சின்னச் சொல்லும் அதன் 430 கருத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொக்குவிலில் வீட்டு விறாந்தையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். நாலு வாங்கு, ஒரு கரும்பலகை. வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை எழும்பி, "சேர், செற் (set) எண்டால் என்ன கருத்து?" என்று கேட்கும். "எந்தச் செற்?" என்று நான் திருப்பிக் கேட்டால் வகுப்புச் சிரிக்கும். அன்று பொழுதுபடப் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் தாய் படலையடியில் நின்று, "மாஸ்ரர், ஒரு சொல்லுக்கு நானூறு கருத்தாமே, இதுகள் எப்பிடிப் பாடமாக்கிறது?" என்பார். பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

செற் என்ற சொல்லுக்கு 430 கருத்து என்பது உண்மையா?

உண்மை. ஆனால் அது ஓர் அகராதியின் ஒரு பதிப்பில் உள்ள கணக்கு. ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் செற் என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 கருத்துகள் பிரித்துக் காட்டப்பட்டுள்ளன. அந்த ஒரு பதிவே ஏறக்குறைய 60,000 சொல் நீளம். அந்தப் பதிப்பில் அதைவிட நீளமான பதிவு வேறில்லை.

இதே சொல்லுக்குப் பழைய கின்னஸ் புத்தகங்களில் வேறு கணக்கு இருந்தது. பெயராக 58, வினையாக 126, பெயரடையாக 10, ஆகமொத்தம் 194. சொல் அதேதான். எதைத் தனிக் கருத்து என்று கொள்வது, எதை இன்னொன்றின் கிளை என்று விடுவது என்பதில்தான் எண்ணிக்கை மாறுகிறது. ஒரு தென்னையில் எத்தனை ஓலை என்று எண்ணலாம், எத்தனை ஈர்க்கு என்றும் எண்ணலாம். இரண்டும் சரியான எண்தான்.

ஆகக் கூடிய கருத்து உள்ள சொல் செற்தானா?

நெடுங்காலம் அப்படித்தான் சொன்னார்கள். மூன்றாம் பதிப்புக்காக ஒக்ஸ்போர்ட் அகராதியைத் திருத்தத் தொடங்கிய பிறகு நிலை மாறியது. 2000இல் மேக் (make) என்ற சொல்லின் பதிவு ஆக நீளமானதாயிற்று. 2007இல் புட் (put) அதை முந்தியது. 2011இல் றன் (run) வந்தது, வினையாக மட்டும் 645 கருத்துகளோடு. அந்த ஒரு சொல்லைப் பிரித்து எழுதப் பீற்றர் கில்லிவர் என்ற அகராதியாசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது, "ஒன்பது மாசமோ? பிள்ளையே பெத்திடலாம்" என்றார் என் மனைவி.

றன் ஏன் இப்படி ஊதியது என்பது தமிழரான எங்களுக்குச் சுலபமாக விளங்கும். எங்கள் 'ஓடு' அதே வேலையைச் செய்கிறது. பஸ் ஓடுகிறது, மணிக்கூடு ஓடுகிறது, தியேட்டரில் படம் ஓடுகிறது, தடிமன் வந்தால் மூக்கு ஓடுகிறது, கணக்குப் பாடத்தில் மூளை ஓடவில்லை. காலால் ஓடுவது இவற்றில் ஒன்றுகூட இல்லை. இயந்திரமும் றெயினும் கொம்பியூட்டரும் வந்தபோது ஆங்கிலக்காரர் புதுச் சொல் தேடாமல் றன்னைத்தான் பிடித்தார்கள். நாங்களும் ஓடுவைத்தான் பிடித்தோம்.

பெரிய பெரிய சொற்களை விட்டுவிட்டு ஏன் இந்தச் சின்னச் சொற்களுக்கே இவ்வளவு கருத்து?

வேலைக்காரச் சொற்கள் என்பதால். வீட்டில் ஆக அதிகம் கையில் எடுக்கிற சாமான் கத்திதான். அது தேங்காய் உடைக்கும், பென்சில் சீவும், அவசரத்துக்கு ஆணியும் கழற்றும். வருடத்துக்கு ஒருமுறை எடுக்கிற இடியப்ப உரலுக்கு ஒரு வேலைதான் (எங்கள் வீட்டில் அதுவும் தினமும் எடுபடுகிறது, அது வேறு கதை).

ஜோர்ஜ் கிங்ஸ்லி ஸிப்ஃப் என்ற அமெரிக்கர் 1945இல் இதற்கு ஒரு கணக்கே சொன்னார். அதிகம் புழங்கும் சொல்லுக்குக் கருத்தும் அதிகம். கருத்தின் தொகை புழக்கத்தின் வர்க்கமூலத்தோடு ஏறும். ஒரு சொல் இன்னொன்றைவிட நூறு மடங்கு புழங்கினால் அதற்குப் பத்து மடங்கு கருத்து இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். எல்லாச் சொல்லுக்கும் அச்சொட்டாகப் பொருந்தாது, ஆனாலும் போக்கு அதுதான்.

சாமுவேல் ஜோன்சன் 1755இல் தனி மனிதராக ஆங்கில அகராதி செய்தபோதே இது தெரிந்துவிட்டது. ரேக் (take) என்ற சொல்லுக்கு மட்டும் அவர் 134 கருத்து எழுதினார்.

இந்தக் கருத்துகளை யார் எண்ணுகிறார்கள்? எப்படி?

ஒரு தகரக் கொட்டிலில் தொடங்கிய வேலை இது. ஒக்ஸ்போர்ட் அகராதியின் முதற் பதிப்புக்கு 1879இல் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மரே தன் வளவில் இரும்புத் தகடு அடித்த ஒரு கொட்டில் போட்டு அதில் இருந்து வேலை செய்தார். ஊரெல்லாம் இருந்து வாசகர்கள் புத்தகம் வாசித்து, ஒரு சொல் வரும் வாக்கியத்தைத் துண்டுக் கடதாசியில் எழுதி அனுப்பினார்கள். அந்தத் துண்டுகளைச் சொல்வாரியாகப் பெட்டி பெட்டியாக அடுக்கி, ஒத்த கருத்துள்ளவற்றைக் குவித்து, எத்தனை குவியல் வருகிறதோ அத்தனை கருத்து என்று எழுதுவதுதான் முறை. பத்து வருடத்தில் முடிக்கலாம் என்று நினைத்தார்கள். 1884இல் வந்த முதற் பகுதி ஏயில் தொடங்கி அன்ற், அதாவது எறும்பு, என்ற சொல்லோடு நின்றது. முழு அகராதி 1928இல் முடிந்தது. மரே 1915இலேயே இறந்துவிட்டார்.

குவியல் பிரிப்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபடும். மேசையில் கோப்பை அடுக்குவதற்கும் மேடையில் கதிரை அடுக்குவதற்கும் ஆங்கிலத்தில் செற் வரும். இது ஒரு குவியலா, இரண்டா? ஒருவர் சேர்ப்பார், ஒருவர் பிரிப்பார். 430 என்ற எண் சொல்லின் வயிற்றுக்குள் இருந்து வந்ததல்ல, பிரித்தவருடைய மேசையில் இருந்து வந்தது. இதை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு அரைவாசிப் பயம் போய்விடும்.

செற் என்பது ஒரே சொல்தானா?

நல்ல கேள்வி, ஆனால் யாரும் கேட்பதில்லை. நானே கேட்டு நானே பதில் சொல்கிறேன்.

வினையாக வரும் செற், சிற் என்ற சொல்லின் பிள்ளை. சிற் என்றால் இருத்தல், செற் என்றால் இருக்கச் செய்தல். இதை விளங்கப்படுத்த யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு வேறு உதாரணமே தேவையில்லை. "இருங்கோ" என்று நாங்கள் சொன்னால் கதிரையில் அமரச் சொல்கிறோம். "பிள்ளையைக் கதிரையில இருத்து" என்றால் இன்னொருவரை அமரச் செய்யச் சொல்கிறோம். இரு, இருத்து. சிற், செற். உட்கார் என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இந்தச் சோடி இவ்வளவு அழகாக அமையாது. இந்த ஒரு இடத்தில் எங்கள் பேச்சுத்தமிழுக்கு ஆங்கிலப் பாடத்தில் சலுகை உண்டு.

பெயராக வரும் செற், அதாவது ரீ செற், நகைச் செற் என்கிற கூட்டம், வேறு வழியால் வந்தது. லத்தீனில் பின்தொடர்வோரைக் குறித்த செக்தா என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்து, ஏற்கெனவே இருந்த செற்றோடு உருவத்தில் ஒன்றாகிவிட்டது. பிறகு இரண்டும் ஒன்றின் கருத்தை ஒன்று வாங்கிக் கலந்தன.

இதற்கும் 'இரு' பொருந்தும். அமர்தல் என்ற இரு, வசித்தல் என்ற இரு ("எங்க இருக்கிறியள்?"), பொறுத்தல் என்ற இரு ("இரு, வாறன்"), வந்திருக்கு என்பதில் ஒட்டிக்கொண்ட இரு, எல்லாம் ஒரே வேரின் கிளைகள். ஆனால் இரு கை, இரு கண் என்பதில் வரும் இரண்டு என்ற இருவுக்கும் அவற்றுக்கும் உறவில்லை. ஒரே உடுப்புப் போட்ட இரண்டு வேற்றாள்கள். நல்ல அகராதி கிளைகளை ஒரு தலைப்பின் கீழும், வேற்றாளை இன்னொரு தலைப்பின் கீழும் போடும். சொல்லின் மேலே சிறிதாக 1, 2 என்று இலக்கமிட்டிருப்பது அதற்காகத்தான்.

தமிழில் இந்தக் குழப்பம் இல்லையே, ஆங்கிலத்தில் மட்டும் ஏன்?

இதைக் கேட்ட பெடியனிடம் 'அடி' என்ற சொல்லை வைத்து வாக்கியம் சொல்லச் சொன்னேன். வகுப்பே சேர்ந்து கத்தியது. மணி அடி, சைக்கிளுக்குக் காற்று அடி, மதிலுக்குப் பெயின்ற் அடி, கொப்பி அடி, பம்பல் அடி, வெயில் அடிக்குது, லொத்தர் அடிச்சிட்டுது. பின்வாங்கில் இருந்து ஒருவன் தண்ணியும் அடித்தான், அதோடு நிறுத்தினேன். இன்னும் பெயராக வரும் அடி மிச்சம். பாதம், மரத்தின் அடி, பாட்டின் அடி, பன்னிரண்டு அங்குலம்.

எங்கள் இலக்கணக்காரர் இதை மரேக்கு வெகுகாலம் முன்பே எண்ணத் தொடங்கிவிட்டார்கள். கடி என்ற உரிச்சொல்லை எடுங்கள். தொல்காப்பியர் அதற்கு முதலில் பத்துப் பொருள் சொல்கிறார்: வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, விளக்கம், மிகுதி, சிறப்பு, அச்சம், முன்தேற்று. அடுத்த சூத்திரத்திலேயே ஐயமும் கரிப்பும் உண்டு என்று இரண்டு கூட்டுகிறார். மொத்தம் 12. நூற்றாண்டுகள் கழித்துப் பவணந்தி முனிவர் நன்னூலில் 13 சொல்கிறார். முன்தேற்றையும் ஐயத்தையும் விட்டுவிட்டு, விரை (வாசனை), ஆர்த்தல் (ஒலித்தல்), மன்றல் (திருமணம்) என்று மூன்றைப் புதிதாகச் சேர்க்கிறார். பழைய கருத்துச் செத்து புதுக் கருத்துப் பிறந்த கணக்கு அது. செற்றுக்கு 194, 430 என்று வந்ததைப் போல எங்கள் கடிக்கும் 12, 13 என்று வந்திருக்கிறது. நாய்க் கடி இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதிக்குப் பெயரே 'ஒரு சொல் பல்பொருட் பெயர்த் தொகுதி'. எங்கள் பாட்டன்மார் அதைத் திண்ணைப் பள்ளியில் பாட்டாகவே பாடமாக்கினார்கள். ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்கு அச்சியந்திரம் வாங்கப் போனபோது அங்கே அச்சிட்ட நூல்களில் சூடாமணி நிகண்டு உரையும் ஒன்று.

அகராதியைத் திறந்தால் இருபது கருத்து நிற்கிறது. எதை எடுப்பது?

எல்லாக் கேள்வியிலும் பிரயோசனமானது இதுதான். பதில் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் கிளவியாக்கத்தில் இருக்கிறது. 1868இல் சேனாவரையர் உரையோடு சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளை பதிப்பித்து, நாவலர் பரிசோதித்த அதே பகுதி. பல பொருள் ஒரு சொல்லின் பொருளை எப்படித் தெரிவது? 'வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்' என்கிறார். சேர்ந்து வரும் வினை, கூட நிற்கும் இனம், சுற்றியுள்ள சார்பு, இந்த மூன்றையும் பார்.

மா என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். மா பூத்தது என்றால் மரம். மா கனைத்தது என்றால் குதிரை. எங்கள் வீட்டில் மா வறுத்தாச்சோ என்றால் பிட்டுக்கு மா. எவரும் இதற்கு அகராதி திறப்பதில்லை.

இனிச் செற். முதலில், எது செற் ஆகிறது அல்லது எதைச் செற் பண்ணுகிறார்கள் என்று பாருங்கள். எழுவாய் சூரியன் என்றால் படுதல். தயிர் என்றால் உறைதல். கொங்கிறீற் என்றால் இறுகுதல். செயப்படுபொருள் எலும்பு என்றால், முறிந்ததைப் பொருத்திப் பத்துப் போடும் பரியாரியாரின் வேலை. மாணிக்கக் கல் என்றால் பதித்தல். வினாத்தாள் என்றால் தயாரித்தல்.

அடுத்து நான் பல வருடம் கவனித்த ஒன்று. செயப்படுபொருள் வரும் இடங்களில் அதிகமானவற்றுக்குத் தமிழில் ஒரே சொல்தான் வருகிறது: வை. கலியாணத்துக்கு நாள் வை, அலாரம் வை, நெருப்பு வை, பொறி வை, விலை வை. எல்லாம் ஆங்கிலத்தில் செற். இதில் ஆக அருமையானது கோழி. முட்டையில் கோழியை அடை வைப்பதையும் ஆங்கிலக்காரர் செற் என்றுதான் சொல்வார்கள். கோழியை முட்டையின் மேல் இருத்துவது, அதுதானே அந்தச் சொல்லின் பிறப்புக் கருத்து!

ஆகவே என் வகுப்பில் செற்றுக்கு ஒரே கருத்துத்தான் எழுதிப் போடுவேன்: இருத்து, வை. மிச்சத்தை வாக்கியத்தில் பக்கத்துச் சொல் சொல்லும். வையை எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு போடவும் கூடாது. அதற்குக் கடைசிக் கேள்வியைப் பாருங்கள். வை என்ற சொல்லுக்கும் வேற்றாள்கள் உண்டு என்பதை மறக்கவேண்டாம். 'வையே கூர்மை' என்பது தொல்காப்பியம். வைதான் என்றால் ஏசினான். வை என்றால் வைக்கோலும்தான்.

செற் அப், செற் ஓவ், செற் இன் என்று வால் முளைத்தால்?

430இல் பெரிய பங்கு இந்த வால்களுடையது. இவற்றைத் தனிச் சொல்லாகவே படியுங்கள். தமிழில் ஒதுக்கிவை, எடுத்துவை, சேர்த்துவை என்று முன்னால் ஒட்டுகிறோம். ஆங்கிலத்தில் பின்னால் ஒட்டுகிறார்கள். செற் அசைட் என்றால் அப்படியே ஒதுக்கிவை. செற் இன் என்றால் வந்து நிலைகொள்வது. ஐப்பசியில் மாரி பிடிச்சிட்டுது என்கிறோமே, அது. செற் ஓவ் என்றால் வெளிக்கிடு. அதுவே வெடி கொளுத்துவதற்கும் வரும். எங்கள் வெளிக்கிடு மட்டும் என்ன? பயணம் தொடங்கினாலும் வெளிக்கிடுதல், உடுத்துப் பூசிக்கொண்டாலும் வெளிக்கிடுதல். "இன்னும் வெளிக்கிடேல்லையோ?" என்று கேட்டால் எது என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும்.

கணிதப் புத்தகத்தில் செற்றை ஏன் தொடை என்கிறார்கள்?

இந்தப் பாடம் தொடங்கும் நாளில் எல்லா வகுப்பிலும் சிரிப்பு. காலின் தொடை ஞாபகம் வரும். தொடுத்தது தொடை என்று எடுத்தால் சரியாகிவிடும். பூத்தொடை என்றால் மாலை. மோனை, எதுகை எல்லாம் யாப்பில் தொடை. வீரமாமுனிவர் 1732இல் செய்த சதுரகராதியின் நான்கு பகுதிகள் பெயர், பொருள், தொகை, தொடை. மூலகங்களை ஒன்றாகக் கட்டியது என்ற கருத்தில் இலங்கைப் பாடநூல் தொடையை எடுத்தது. தமிழ்நாட்டுப் பாடநூலில் கணம் என்று இருக்கும். இரண்டில் தொடைதான் நல்ல சொல் என்பது என் கட்சி. கணம் என்றால் நேரமும் வந்து குறுக்கே நிற்கும், பூதகணமும் வந்து நிற்கும்.

நாங்கள் பேச்சில் சொல்கிற செற் எல்லாம் ஆங்கிலம்தானா?

பல்லுச் செற், ரீ செற், நகைச் செற், ரேடியோ செற் எல்லாம் அங்கேயும் உள்ளவை. கரப்பந்தாட்டத்தில் 25 புள்ளிக்கு ஆடும் செற்றும் அதே. "அவன் எங்கட செற்" என்று கூட்டாளியைச் சொல்கிறோமே, அதுவும் ஆங்கிலத்தில் உண்டு. ஆனால் அங்கே செற் என்பது முழுக் கூட்டம். தனி ஆளையே செற் என்பது எங்கள் வேலை. மேசன்மார் "செற் ஆகட்டும்" என்பது நேரே ஆங்கிலம். கலியாணப் பேச்சில் "ரண்டு பகுதிக்கும் செற் ஆகேல்லை" என்பது எங்கள் கிளை. இரவல் வாங்கிய சொல் இங்கே வந்து தன்பாட்டில் தளிர்க்கிறது. மேளத்துக்கு மட்டும் நாங்கள் செற் சொல்வதில்லை, நாலு கூட்டம் மேளம் என்கிறோம். நல்ல வேளை.

செட்டா, செற்றா? எது சரி?

தமிழ்நாட்டில் செட். இங்கே செற், கிறிக்கெற், ரொக்கெற். நன்னூலைக் கேட்டால் தமிழ்ச் சொல்லின் முடிவில் ட்டும் வராது, ற்றும் வராது. ஆகவே இரண்டு பகுதியும் சரிசமமான குற்றவாளிகள். செட்டு என்றால் சிக்கனம் என்று தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருப்பதால் செற் என்பது குழப்பம் குறைவு என்று சொல்லி நான் தப்பிவிடுவேன்.

யாழ்ப்பாணத்தில் அகராதி வேலை நடந்ததாமே?

நடந்தது, அதுவும் கொஞ்ச நஞ்சமல்ல. நல்லூரில் இருந்த ஜோசப் நைற் என்ற மிசனரி சொற்களைச் சேர்க்கத் தொடங்கினார். அவருக்குப் பின் 1842இல் மானிப்பாயில் அமெரிக்க மிசன் அச்சகத்தில் யாழ்ப்பாண அகராதி வெளியாயிற்று. செய்தவர் சந்திரசேகர பண்டிதர். மானிப்பாய் அகராதி என்றும் சொல்வார்கள். அதில் 58,500 சொற்கள் இருந்தன. தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலேயே கருத்துச் சொன்ன அகராதி அது. உடுவிலில் பணிசெய்த மிரோன் வின்சுலோ, நைற்றின் சேகரிப்பையும் வைத்துக்கொண்டு, 1862இல் சென்னையில் வெளியிட்ட தமிழ்-ஆங்கில அகராதியில் 67,000 சொற்களுக்கு மேல் உண்டு. இன்றைக்கும் அதைப் புரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் உட்பட. வைதிக மரபில் மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை, வேர்ச்சொல் வழியில் நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர் என்று பிறகும் தொடர்ந்தது. ஞானப்பிரகாசரின் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதி 1938இல் வரத் தொடங்கியது. இரண்டு சொல் உறவா வேற்றாளா என்று மேலே பார்த்தோமே, அந்தக் கேள்வியையே தொழிலாக எடுத்த மனிதர் அவர்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் போயின. வீட்டில் பழைய அகராதி ஒன்று கிடந்தால் கடதாசிக்காரனுக்கு நிறுத்துப் போடாதீர்கள்.

பிள்ளைக்கு எந்த அகராதி வாங்கலாம்?

20 தொகுதி ஒக்ஸ்போர்ட் வேண்டாம். அது சொல்லின் வரலாற்றைக் காலவரிசையில் சொல்வது. முதலில் நிற்கும் கருத்து ஆயிரம் வருடம் பழையதாக இருக்கலாம். படிக்கும் பிள்ளைக்கு, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவருக்காகச் செய்த அகராதி வேண்டும். ஹோர்ன்பி செய்த அகராதி முதலில் 1942இல் ஜப்பானில் வந்து, 1948இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாயிற்று. லோங்மன் 1978இல் ஏறக்குறைய 2,000 சொற்களுக்குள்ளேயே எல்லாக் கருத்தையும் விளக்கிக் காட்டியது. எனக்கு ஆகப் பிடித்தது 1987இல் வந்த கோபில்ட். அது கருத்தை முழு வாக்கியமாகச் சொல்லும். எதைச் செற் பண்ணுவார்கள் என்பது விளக்கத்துக்குள்ளேயே வந்துவிடும், தொல்காப்பியர் சொன்ன வினையும் இனமும் போல. இப்போது இவை போனிலும் உண்டு.

ஆங்கில-தமிழ் அகராதி ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் அதில் முதலாவதாக நிற்கும் சொல்லை எழுதிவிட்டு மூடவேண்டாம். நான் படித்த காலத்தில் ஓர் ஆசிரியர் ஒவ்வொரு சொல்லுக்கும் முதற் கருத்தை மட்டும் கொப்பியில் எழுதச் சொல்வார். தொண்ணூறுகளின் முதற்பாதி, மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்கில் இருந்து பக்கம் பக்கமாக எழுதினோம். மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு அது பாவமான வேலை.

பரீட்சைக்கு எத்தனை கருத்துப் பாடமாக்கவேண்டும்?

ஒன்றும் வேண்டாம். வாசிக்கும்போது எதிர்ப்படும் வாக்கியங்களைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். மரேயின் துண்டுக் கடதாசி போலத்தான். ஒரு தவணைக்குள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்தால் சாதாரண தரத்துக்குத் தாராளம்.

வை என்று எல்லா இடத்திலும் போட்டால் என்ன?

போன வருடம் ஒருவன் போட்டான். சூரியன் செற் ஆகும் ஒரு வாக்கியத்தைத் தமிழில் எழுதச் சொன்னேன். "சூரியன் வைத்துக்கொண்டிருக்கிறது" என்று எழுதினான். "எதையடா வைக்குது?" என்று கேட்டேன். பேனையைக் கடித்துக்கொண்டு யோசித்தான். அந்த நேரம் பார்த்து அவனைக் கூட்டிப்போக வந்த அம்மம்மா படலையில் நின்று, "தம்பி, பொழுதுபட்டிட்டுது, வா" என்றார். பெடியன் கொப்பியைத் திறந்து 'வைத்து' என்றதை வெட்டினான்.